முட்டித் தேய்மானம்: பயிற்சியா, ஊசியா, துளை அறுவையா, மாற்று மூட்டா?

"அம்மாவுக்கு 68 வயசு. எக்ஸ்ரேல எலும்போட எலும்பு உரசுதாம். ஒரு டாக்டர் மூட்டை மாத்திடலாம்ங்கிறார். இன்னொருத்தர் ஊசி போட்டுப் பார்ப்போம்ங்கிறார். அத்தை சென்னைக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க. நாங்க என்னதான் பண்றது?"

சிங்கப்பூரில் எலும்பு மூட்டு வார்டில் தாதியாக இருந்தவள் என்று தெரிந்தால் போதும், கல்யாண வீட்டிலும் கோயில் அன்னதான வரிசையிலும் இந்தக் கேள்வி என்னிடம் வந்துவிடும். கேட்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள். வலிக்கும் முட்டி அம்மாவுடையது, முடிவெடுக்கும் பாரம் இவர்களுடையது. எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு வழிகளில் முதலாவதான பயிற்சிக்கும் கடைசியான மாற்று மூட்டுக்கும் ஆய்வு பலம் இருக்கிறது. நடுவில் உள்ள ஊசியும், சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் துளை அறுவையும்தான் நம் ஆட்களின் பணத்தையும் காலத்தையும் அதிகம் விழுங்குகின்றன. ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இது படித்துத் தெளிவதற்கான கட்டுரைதான். உங்கள் முட்டியைத் தொட்டு, மடக்கிப் பார்த்த மருத்துவரின் சொல்லுக்கு ஈடாகாது.

## எதை வைத்து அளப்பது

நான்கு கேள்விகளை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி, போலிச் சிகிச்சையைவிட இது மேலா? முட்டி வலி அலை அலையாக வரும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மருத்துவரிடம் ஓடுகிறோம். அதன் பிறகு எதைச் செய்தாலும், ஒன்றும் செய்யாமலே விட்டாலும், பலருக்கு வலி கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். "ஊசி போட்டேன், ரெண்டு வாரத்துல நடந்தேன்" என்று பக்கத்து புளோக் மாமா சொல்வது பொய்யில்லை. ஆனால் நடந்தது ஊசியால்தானா என்பது அதிலிருந்து தெரியாது. பாதிப் பேருக்கு உண்மையான சிகிச்சை, பாதிப் பேருக்கு அதே மாதிரி தோன்றும் போலிச் சிகிச்சை, யாருக்கு எது என்பது குலுக்கலில் என்று செய்யும் ஆய்வுகள்தான் இதற்கு விடை சொல்ல முடியும்.

இரண்டாவது, பலன் எவ்வளவு காலம் நிற்கும்? மூன்றாவது, சரிப்படாவிட்டால் பின்வாங்க முடியுமா? பயிற்சியை நாளைக்கே நிறுத்திவிடலாம். அறுத்து எடுத்த எலும்பைத் திரும்ப வைக்க முடியாது. நான்காவது, பில்லில் வராத செலவு என்ன? யார் விடுப்பு எடுப்பார்கள், யார் குளிக்க வைப்பார்கள், கழிவறையில் கைப்பிடி இருக்கிறதா, சர்க்கரை ஏறுமா, இதெல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

இந்தப் பட்டியலில் எக்ஸ்ரே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். படத்தில் மோசமாகத் தேய்ந்த முட்டியோடு ஈரச்சந்தைக்குப் போய்ப் பை தூக்கி வருபவர்கள் இருக்கிறார்கள். லேசான தேய்மானத்தோடு படியே ஏற முடியாதவர்களும் இருக்கிறார்கள். எம்ஆர்ஐ எடுத்தால் நடு வயதைக் கடந்த பலருக்கும் மெனிஸ்கஸில் (முட்டிக்குள் மெத்தை போல் இருக்கும் குருத்தெலும்பில்) கிழிசல் தெரியும், அவர்களில் வலியே இல்லாதவர்களும் உண்டு. படம் துணைச் சாட்சிதான். "இந்த வலியால் உங்களால் எதைச் செய்ய முடியவில்லை?" என்ற கேள்விக்கு வரும் பதில்தான் முதல் சாட்சி.

## தேய்மானம்தானா என்பதை உறுதி செய்யுங்கள்

காலையில் எழுந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் முட்டி விறைத்துக் கிடக்கிறதா? முழங்கையிலோ தலையிலோ செதில் செதிலாக உரியும் சோரியாசிஸ் இருக்கிறதா? நகத்தில் ஊசி குத்தியது போல் குழிகள் இருக்கின்றனவா? விரல்களும் வீங்குகின்றனவா? அப்படியானால் அது சோரியாசிஸோடு சேர்ந்து வரும் மூட்டு அழற்சியாக இருக்கலாம். சோரியாசிஸ் உள்ளவர்களில் 30 விழுக்காடு வரை இது வருகிறது. பெரும்பாலும் தோலில் தெரிந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் மூட்டைப் பிடிக்கும், அதனால் இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. தோல் மருத்துவரிடம் முட்டி வலியைச் சொல்ல மாட்டார்கள், எலும்பு மருத்துவரிடம் தோலைக் காட்ட மாட்டார்கள். இதற்கு மருந்தே வேறு, பார்க்க வேண்டியவர் மூட்டு அழற்சி நிபுணர்.

ஒரே இரவில் முட்டி சிவந்து வீங்கி, காய்ச்சலும் சேர்ந்தால் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். திடீரென்று முட்டி பூட்டிக்கொண்டு நீட்டவே முடியாமல் போனாலும் இந்தக் கட்டுரையின் வரிசை பொருந்தாது. நேராக அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

## வழி 1: பயிற்சியும் எடைக் குறைப்பும்

"பிசியோவெல்லாம் போனேன், ஒண்ணும் பிரயோஜனம் இல்ல" என்று சொல்பவர்களிடம் நான் விடாமல் ஒன்று கேட்பேன், என்ன பயிற்சி செய்தீர்கள் என்று. பெரும்பாலும் சூடு வைத்தார்கள், மின்சாரம் வைத்தார்கள், ஒரு தாள் கொடுத்தார்கள் என்ற பதில்தான் வரும். தாள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டப்பட்டிருக்கும். செய்திருக்க மாட்டார்கள்.

ஆய்வுகள் பலன் தரும் என்று சொல்வது தொடைத் தசையையும் இடுப்புத் தசையையும் பலப்படுத்தும் பயிற்சியை. வாரத்தில் இரண்டு மூன்று நாள், குறைந்தது ஆறிலிருந்து 12 வாரம், போகப் போகக் கடினத்தைக் கூட்டிக்கொண்டே செய்ய வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது ஒன்று. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு பாதி குந்தி எழுவது இன்னொன்று. படிக்கட்டின் கடைசிப் படியில் ஒரு காலை வைத்து ஏறி இறங்கலாம். செய்யும்போது வலிக்கும். பத்துக்கு ஐந்து வரை வலிக்கலாம், மறுநாளைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் சரி. இறங்கவில்லை என்றால் அளவைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். "வலிச்சா தேஞ்சிடும்" என்ற பயம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. அந்தப் பயத்தில் நடையைக் குறைத்து, தசை சூம்பி, அதனாலேயே வலி கூடியவர்களை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன்.

பலன் எவ்வளவு? 54 ஆய்வுகளைத் தொகுத்த 2015ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) மதிப்பாய்வில், நூறு புள்ளி அளவுகோலில் வலி சராசரியாக 12 புள்ளி குறைந்திருந்தது. 2024இல் வந்த புதுப்பித்த மதிப்பாய்வு, பலன் பலருக்குச் சிறியதாகவே இருக்கக்கூடும் என்று நிதானமாகச் சொன்னது. இது மந்திரமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊசியோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்தபோது என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். 2020இல் அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஓராண்டு கழித்து பிசியோ குழுவின் வலி, இறுக்கம், முடியாமை மூன்றும் சேர்ந்த மதிப்பெண் 240க்கு 37, ஸ்டீராய்டு ஊசிக் குழுவுக்கு 55.8. குறைவாக இருப்பதுதான் நல்லது.

எடை விஷயத்தில் ஒரு கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடிக்கும் முட்டியில் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது. ஐந்து கிலோ இறங்கினால் அடிக்கு 20 கிலோ. தேக்கா சந்தையைச் சுற்றி வருவதற்குள் எத்தனை ஆயிரம் அடி என்று யோசித்துப் பாருங்கள். 2013இல் 454 பேரை 18 மாதம் தொடர்ந்த அமெரிக்க ஆய்வில், உணவுக் கட்டுப்பாடும் பயிற்சியும் சேர்ந்து செய்தவர்கள் சராசரியாக 10.6 கிலோ குறைத்தார்கள், ஒன்றை மட்டும் செய்தவர்களைவிட வலியும் அவர்களுக்குக் குறைவாக இருந்தது. உடற்பருமன் உள்ளவர்களுக்கு இப்போது மருந்தும் இருக்கிறது. 2024இல் 407 பேரிடம் செய்த ஆய்வில் வாரம் ஒருமுறை போடும் செமாகுளுடைடு ஊசி எடையை 13.7 விழுக்காடு குறைத்தது, முட்டி வலியும் போலி ஊசியைவிட நன்றாகவே இறங்கியது. அது எல்லாருக்கும் ஏற்றதல்ல, மலிவும் அல்ல.

மறைமுகச் செலவு நேரம்தான். அரசாங்கப் பலதுறை மருந்தகம் வழியாக மானியத்தில் போனால் ஒரு பிசியோ சந்திப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் வாரங்கள் ஓடிவிடும். நடுவில் வீட்டில் செய்தே ஆக வேண்டும். தனியே செய்ய மாட்டார் என்று தெரிந்தால் சமூக மன்றத்தில் மூத்தோர் வகுப்பில் சேர்த்துவிடுங்கள். முட்டி அதிகம் வலிப்பவர்களுக்கு நீச்சல் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நடப்பது நல்ல தொடக்கம். சேலை கட்டியே பழகிய அம்மாக்கள் நீச்சலுடைக்குக் கூச்சப்படுவார்கள். முழுக்கை, முழுக்கால் மூடும் நீச்சலுடை கிடைக்கிறது, வாங்கிக் கொடுங்கள்.

## வழி 2: ஊசிகள்

மூன்று வகை நம் காதில் விழுகிறது: ஸ்டீராய்டு, ஜெல், பிஆர்பி.

ஸ்டீராய்டு சில வாரங்களுக்கு வலியை நன்றாகக் குறைக்கும். மகள் கல்யாணம் அடுத்த மாதம், முட்டி வீங்கிக் கிடக்கிறது என்றால் அதற்குப் பொருத்தமான ஊசிதான். வலி அதிகமாகிப் பயிற்சியே தொடங்க முடியாதவருக்கும் ஒரு முறை போட்டு வழி திறக்கலாம். திரும்பத் திரும்பப் போடுவதுதான் சிக்கல். 2017இல் 140 பேருக்கு இரண்டு ஆண்டுகள், 12 வாரத்துக்கு ஒரு தடவை போட்டுப் பார்த்தார்கள். போலியாக உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட வலி குறையவில்லை, குருத்தெலும்பு தேய்ந்ததுதான் கூடுதல்.

இரண்டு மறைமுகச் செலவுகளை ஊசி போடும் அறையில் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை எகிறும். நம் சமூகத்தில் நீரிழிவு இல்லாத வீட்டைத் தேட வேண்டும் என்பதால் இது சின்ன விஷயமில்லை. அடுத்தது, முட்டியில் ஸ்டீராய்டு போட்டு மூன்று மாதத்துக்குள் மாற்று மூட்டு வைத்தால் கிருமித் தொற்று ஆபத்து கூடுகிறது. இன்றைக்கு ஊசி போட்டால் அறுவைத் தேதி தள்ளிப் போகும். இரண்டையும் வேறு வேறு மருத்துவர்கள் செய்தால் ஒருவருக்கொருவர் தெரியாமலே போகலாம். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மூட்டுக்கு வழுவழுப்புத் தரும் என்று போடும் ஜெல் ஊசி விலை கூடியது. 2022இல் வெளிவந்த பெரிய தொகுப்பாய்வு, போலி ஊசியைவிட அது தரும் வலிக்குறைவு நோயாளி உணரும் அளவுக்குப் பெரியதில்லை என்றும், தீவிரப் பக்கவிளைவுகள் கூடுகின்றன என்றும் முடித்தது. நம் இரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் போடும் பிஆர்பியை 2021இல் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் உப்புநீரோடு ஒப்பிட்டார்கள். ஓராண்டில் வலியிலும் வித்தியாசமில்லை, குருத்தெலும்பிலும் வித்தியாசமில்லை. "நம்ம இரத்தம்தானே, கெடுதல் இல்லையே" என்பார்கள். பணம் போகிறதே. அந்தப் பணத்தில் பல மாதம் தனியார் பிசியோவைப் பார்க்கலாம்.

## வழி 3: துளை அறுவை

இதுதான் கேட்பதற்கு மிகவும் இனிமையானது. இரண்டு சிறு துளை, காலையில் போய் மாலையில் வீடு, காப்புறுதி கொடுத்துவிடும், "உள்ள கிளீன் பண்ணிடுவாங்க". நடு வயதில், தேய்மானத்தோடு மெனிஸ்கஸ் கிழிசலும் படத்தில் தெரிந்தால் இந்தப் பேச்சு எழும்.

இதைப் பற்றிய ஆய்வுகள் மருத்துவ வரலாற்றிலேயே துணிச்சலானவை. 2002இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் முட்டித் தேய்மானம் உள்ள 180 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு முட்டியைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள், இன்னொன்றுக்குக் கழுவி மட்டும் விட்டார்கள். மூன்றாவது குழுவுக்குத் தோலில் கீறல் போட்டு, கழுவும் சத்தம் கேட்கட்டும் என்று தண்ணீரைத் தெளித்து, உள்ளே எதையும் தொடாமல் தைத்தார்கள். தங்களுக்குப் போலி அறுவை கிடைக்கலாம் என்பதை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவர்கள்தான் எல்லாரும். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்தும் மூன்று குழுவுக்கும் வலியில் வித்தியாசம் இல்லை.

தேய்மானம் தொடங்காத, கிழிசல் மட்டும் உள்ளவர்களுக்கு உதவுமோ என்று 2013இல் பின்லாந்தில் 35 முதல் 65 வயது வரையிலான 146 பேரிடம் செய்து பார்த்தார்கள். அதிலும் போலி அறுவையோடு ஓராண்டில் வித்தியாசமில்லை. ஐந்தாண்டு கழித்து எக்ஸ்ரே எடுத்தபோது, மெனிஸ்கஸை வெட்டியவர்களின் முட்டி கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. அதே 2013இல் அமெரிக்காவில் 45 வயதைத் தாண்டிய 351 பேரிடம் அறுவையையும் பிசியோவையும் ஒப்பிட்டார்கள். ஆறு மாதத்தில் இரண்டு குழுவும் ஒன்றாகவே இருந்தன. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. பிசியோ குழுவில் 30 விழுக்காட்டினர் அந்த ஆறு மாதத்துக்குள் அறுவைக்கு மாறினார்கள். பயிற்சி எல்லாருக்கும் போதவில்லை. அறுவை மருத்துவர்கள் இந்த எண்ணைத்தான் எடுத்துக் காட்டுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. என் பதில், மீதி 70 விழுக்காட்டினர் அதுவரை கத்தியைத் தொடாமலே சமாளித்தார்கள் என்பதுதான்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்து 2017இல் சர்வதேச நிபுணர் குழு ஒன்று, தேய்மான முட்டி உள்ள ஏறக்குறைய எல்லாருக்கும் துளை அறுவை வேண்டாம் என்று அழுத்தமாகப் பரிந்துரைத்தது. விளையாட்டில் அடிபட்ட இளைஞர், முட்டி உண்மையாகவே பூட்டிக்கொண்டவர் ஆகியோர் கதை வேறு. 60 வயது அம்மாவுக்கு "கிளீன் பண்ண" என்று யாராவது சொன்னால், "போலி அறுவையோடு ஒப்பிட்ட ஆய்வில் என்னைப் போன்றவர்களுக்குப் பலன் தெரிந்ததா டாக்டர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். காப்புறுதி கொடுக்கிறது என்பது செய்துகொள்வதற்கான காரணமாகாது.

## வழி 4: மாற்று மூட்டு

பயந்து பயந்து பத்து வருடம் தள்ளிப் போடுபவர்கள் ஒரு பக்கம், முதல் எக்ஸ்ரேயிலேயே "மாத்திடுங்க" என்பவர்கள் ஒரு பக்கம். இரண்டு பக்கத்துக்கும் 2015இல் டென்மார்க்கில் நடந்த ஆய்வைச் சொல்வேன். மாற்று மூட்டுக்குத் தகுதியான 100 பேர். எல்லாருக்கும் 12 வாரம் பயிற்சி, நோயைப் பற்றிய விளக்கம், உணவு ஆலோசனை, காலணி இன்சோல், வலி மருந்து. பாதிப் பேருக்கு மட்டும் முதலில் மூட்டு மாற்றினார்கள். ஓராண்டு கழித்து நூறு புள்ளி அளவில் மாற்று மூட்டுக் குழு 32.5 புள்ளி முன்னேறியிருந்தது, மற்றவர்கள் 16. இரட்டிப்பு. பயப்படுபவர்களுக்கு இது செய்தி. அவசரப்படுபவர்களுக்கும் அதே ஆய்வில் செய்தி உண்டு. அறுவை இல்லாத குழுவில் 26 விழுக்காட்டினர்தான் அந்த ஓராண்டில் அறுவைக்குப் போனார்கள். தீவிரப் பக்கவிளைவுகள் அறுவைக் குழுவில் 24, மற்றதில் 6.

"பத்து வருஷம்தான் வரும்" என்பது பழைய பேச்சு. 2019இல் வந்த தொகுப்பு 82 விழுக்காடு முழு மாற்று மூட்டுகள் 25 ஆண்டுகள் தாங்குவதாகக் கணக்கிட்டது. வயதுதான் முக்கியம். 70க்கு மேல் செய்துகொண்டால் வாழ்நாளில் மறுபடி செய்ய நேரும் வாய்ப்பு சுமார் 5 விழுக்காடு. ஐம்பதுகளின் தொடக்கத்தில் உள்ள ஆண்களுக்கு அது 35 விழுக்காடு. மறு அறுவை முதலாவதைவிடக் கடினம். 52 வயது அப்பாவுக்கு "இன்னும் கொஞ்ச நாள் தள்ளுவோம்" என்பதும், 72 வயது அம்மாவுக்கு "இனி எதுக்குத் தள்ளணும்?" என்பதும் இதனால்தான்.

சொல்லாமல் விடப்படுவது ஒன்று உண்டு. மாற்று மூட்டு வைத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, அறுவை நன்றாக முடிந்த பிறகும் வலி நீடிக்கிறது. எக்ஸ்ரே சரியாக இருக்கும், வலி இருக்கும். இதை முன்கூட்டியே தெரிந்து ஒப்புக்கொண்டு போகிறவர்கள் பிறகு நொறுங்கிப் போவதில்லை. முட்டியின் வெளிப்பக்கத் தோலில் ஒரு திட்டு மரத்துப் போகும். அது நரம்புக் கிளை அறுபடுவதால் வருவது, ஆபத்தில்லை. சம்மணமிட்டுத் தரையில் உட்காருவதும் முட்டி போடுவதும் பலருக்கு முடியாது, முடிந்தாலும் சங்கடமாக இருக்கும். பூசையில் தரையில் அமர வேண்டும் என்பவர்கள் இதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும். கோயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

வார்டில் நான் பார்த்த உண்மையான போராட்டம் முதல் ஆறு வாரம். இரண்டாம் நாள் காலை பிசியோ வந்து காலை மடக்கும்போது பாட்டிகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மிஸ்ஸி, போதும்னு சொல்லு மிஸ்ஸி" என்பார்கள். அந்த நேரத்தில் மடக்காவிட்டால் பிறகு மடங்காது. வீட்டுக்குப் போன பிறகு இரக்கப்பட்டுப் படுக்க வைத்துவிடும் பிள்ளைகள்தான் எனக்குக் கவலை. கைத்தடி, வாக்கர், இரவில் தூக்கமின்மை என்று ஆறு வாரம் போகும். மூன்று மாதத்தில் கடைக்குப் போகலாம், முழுப் பலன் தெரிய ஓராண்டு ஆகும். முதல் இரண்டு வாரமாவது வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். யாரும் இல்லையென்றால் சமூக மருத்துவமனையில் சில வாரம் தங்கிப் பயிற்சி எடுக்க முடியுமா என்று அறுவைக்கு முன்பே கேளுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கழிவறையில் கைப்பிடியும் வழுக்காத தரையும் போட, மூத்தோருக்கு வீட்டைப் பாதுகாப்பாக்கும் ஈஸ் திட்டத்தில் பெரும்பங்கை அரசாங்கம் ஏற்கிறது. விண்ணப்பிக்க மறக்காதீர்கள். அதைச் செய்து முடித்துவிட்டு அறுவைக்குப் போங்கள்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் தொற்று ஆபத்து ஏறும். கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சுமார் 8க்கு மேல் இருந்தால் பல அறுவை மருத்துவர்கள் தள்ளிப் போடுவார்கள். கால் விரலிடுக்கில் சேற்றுப்புண், பித்த வெடிப்பு, சொறிந்து புண்ணான எக்ஸிமா, இவையும் அப்படித்தான். தோலில் உள்ள கிருமி செயற்கை மூட்டில் போய் உட்கார்ந்தால் மூட்டையே எடுக்க நேரலாம். அறுவைக்கு முன் அம்மாவின் பாதத்தை விளக்கு வைத்துப் பாருங்கள்.

உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் பாதி மூட்டு மாற்றும் வழியும் இருக்கிறது. 2019இல் 528 பேரை ஐந்தாண்டு தொடர்ந்த பிரிட்டிஷ் ஆய்வில் முழுமையும் பாதியும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன, பாதிக்குச் செலவு குறைவு. உங்கள் மருத்துவர் அதைச் செய்பவரா என்று கேளுங்கள். ரோபோ துணையோடு செய்தால் வெட்டும் துல்லியம் கூடுகிறது. நோயாளி உணரும் பலன் அதற்கேற்பக் கூடுவதாக ஆய்வுகள் தெளிவாகக் காட்டவில்லை. அதற்காகக் கூடுதல் வெள்ளி கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| | போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டால் | பலன் நிற்பது | பின்வாங்கலாமா | பில்லில் வராத செலவு |
|---|---|---|---|---|
| பயிற்சி, எடைக் குறைப்பு | போலிப் பயிற்சி என்று ஒன்றை வைத்து ஒப்பிடுவது கடினம். பலன் உண்டு, மிதமானது | செய்யும் வரை | எப்போதும் | நேரம், விடாமுயற்சி, துணைக்கு ஒருவர் |
| ஸ்டீராய்டு ஊசி | குறுகிய காலத்துக்கு மேல் | வாரங்கள் | ஒன்றிரண்டு வரை | சர்க்கரை ஏற்றம், அறுவைத் தேதி தள்ளிப்போவது |
| ஜெல், பிஆர்பி | உணரும்படி மேல் இல்லை | – | ஆம் | கையிருப்பு கரைவது |
| துளை அறுவை | தேய்மான முட்டிக்கு மேல் இல்லை | – | வெட்டியது வராது | விடுப்பு, மெனிஸ்கஸ் இழப்பு |
| மாற்று மூட்டு | போலி அறுவையோடு ஒப்பிட்டதில்லை. பயிற்சித் தொகுப்பைவிட இரட்டிப்பு | பெரும்பாலும் 20 ஆண்டுக்கு மேல் | முடியாது | பராமரிப்பவர், ஆறு வாரப் போராட்டம், ஐவரில் ஒருவருக்கு நீடிக்கும் வலி |

## யாருக்கு எது

50களில் இருக்கிறார், வேலைக்குப் போகிறார், படி ஏறினால் வலி, இரவில் தூங்குகிறார்: முதல் வழியை மூன்று மாதம் உண்மையாகச் செய்யட்டும். எம்ஆர்ஐ கூட இப்போதைக்கு வேண்டாம்.

வீங்கிய முட்டி, நான்கு வாரத்தில் கல்யாணம், சர்க்கரை கட்டுக்குள்: ஒரு ஸ்டீராய்டு ஊசி, கூடவே பயிற்சி.

70ஐ நெருங்குகிறார், பயிற்சியைச் செய்து பார்த்தாயிற்று, புளோக்கின் கீழ்த்தளம் வரைகூட நடக்க முடியவில்லை, வலி தூக்கத்தைக் கெடுக்கிறது: மாற்று மூட்டுக்குத் தயங்க வேண்டாம். இன்னும் இரண்டு வருடம் உட்கார்ந்தே கழித்தால் தசை போய்விடும், அறுவைக்குப் பின் தேறுவதும் அந்த அளவுக்குக் கடினமாகும். அறுவை நிச்சயமான பிறகும் காத்திருக்கும் நாட்களில் முதல் வழியைத் தொடருங்கள்.

## சிங்கப்பூரில் பணம்

மானியம் வேண்டுமென்றால் பலதுறை மருந்தகத்தில் தொடங்கிப் பரிந்துரைக் கடிதத்தோடு போங்கள். மருந்தகக் கட்டணத்துக்கு உதவும் சாஸ் அட்டை இருந்தால் திட்டத்தில் உள்ள தனியார் மருந்தகக் கடிதமும் செல்லும். நேராகத் தனியார் பிரிவுக்குப் போய்விட்டுப் பிறகு மானியத்துக்கு மாறுவது சுலபமில்லை. மானியப் பிரிவில் அறுவை மருத்துவரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, காத்திருப்பும் கூடுதல். அதற்காகத் தரம் குறைவு என்று நினைக்காதீர்கள். மெடிஷீல்டு லைஃபும் (அடிப்படைத் தேசியக் காப்புறுதி) மெடிசேவும் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) அறுவைக்கு உதவும், ஒவ்வோர் அறுவைக்கும் உச்சவரம்பு உண்டு. மூத்தோருக்கான முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறைச் சலுகை அட்டைகளை மறக்காமல் காட்டுங்கள். மெடிஷீல்டுக்கு மேல் தனியார் நிறுவனத்தில் எடுக்கும் ஒருங்கிணைந்த காப்புறுதி இருந்தால் மருத்துவர் அந்த நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறாரா, முன் அனுமதி வேண்டுமா என்று முதலில் கேட்டுவிடுங்கள். சுகாதார அமைச்சின் இணையத்தளத்தில் மூட்டு மாற்று அறுவைக்கு மருத்துவமனை வாரியாகப் பில் தொகையும் கட்டண வழிகாட்டியும் இருக்கின்றன. கையில் அந்த எண்ணை வைத்துக்கொண்டு பேசுங்கள்.

## சென்னையில் செய்துகொள்ளலாமா?

அத்தை சொல்வதில் பொருள் இல்லாமல் இல்லை. 2017 ஆகஸ்டில் இந்திய அரசு செயற்கை முட்டிக்கு உச்சவரம்பு விலை வைத்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு ரூ. 54,720, வரி தனி. அனுபவமுள்ள மருத்துவர்கள் இருக்கிறார்கள், பேச்சும் நம் பேச்சு, பார்த்துக்கொள்ள உறவினரும் உண்டு. மானியம் கிடைக்காத, காப்புறுதியும் இல்லாத ஒருவருக்குக் கணக்கு அங்கே சாயலாம்.

சிங்கப்பூரருக்கும் நிரந்தரவாசிக்கும் பெரும்பாலும் சாயாது. மெடிசேவைச் சென்னை அறுவைக்கு எடுக்க முடியாது. இங்கே மானியம் அதிகமுள்ள சி வகுப்பு வார்டில் மானியமும் மெடிஷீல்டும் போக வருவதை, அங்கே மருத்துவமனை, இரண்டு பேர் விமானச் சீட்டு, வாரக்கணக்கில் தங்குவது, பிள்ளையின் விடுப்பு எல்லாவற்றோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். அறுவை முடிந்த கால் நான்கு மணி நேரம் விமானத்தில் மடங்கிக் கிடந்தால் இரத்தக்கட்டு ஆபத்து கூடும், அதனால் சில வாரமாவது அங்கேயே இருக்க நேரும். பிசியோ தேவைப்படும் முக்கியமான நாட்கள் அவை, அதற்கும் அங்கேயே ஆள் பிடிக்க வேண்டும்.

எல்லாம் யோசித்தும் சென்னைதான் என்று முடிவானால், திரும்பி வருமுன் இரண்டை வாங்கிக்கொள்ளுங்கள். அறுவைக் குறிப்பு முழுவதும் ஒன்று. உள்ளே வைத்த மூட்டின் நிறுவனம், வகை, அளவு, தொகுதி எண் எல்லாம் ஒட்டிய தாள் இன்னொன்று. பத்தோ 15 ஆண்டு கழித்து அந்த மூட்டில் கோளாறு வந்தால், இங்குள்ள மருத்துவருக்கு அந்த விவரம் இல்லாமல் சரியான உதிரிப் பாகத்தை வரவழைக்க முடியாது. அசலை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு, படம் எடுத்து அம்மாவின் கைப்பேசியிலும் உங்கள் கைப்பேசியிலும் சேமித்துவிடுங்கள்.